ந.க.எண் போடும் மனிதர்

பொய்யை வெறும் வாயால் சொல்வது இவருக்குப் பிடிக்காது. பொருள், பார்வை, ந.க.எண், நாள், பெறுநர் எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும். அடியில் யாராலும் படிக்க முடியாத ஒரு கையெழுத்து, பச்சை மையில். அதற்கும் கீழே 'நகல்: இருப்புக்கோப்பு'. இல்லாத அலுவலகத்தின் இல்லாத ஆணைக்கு இருப்புக்கோப்பு எதற்கு என்று கேட்டால், "அது இல்லாம எப்படிங்க?" என்று நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

ஊருக்கு ஒருவராவது இப்படி உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர். பணிக்காலம் முழுக்க இவர் எழுதிய வரைவுகளில் மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகும் வரைவு எழுதும் கை ஓயவில்லை. அந்த நேரம் பார்த்து, குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இவரையும் சேர்த்துவிட்டார்கள்.

சாதி, மதம், நோய், வங்கி பற்றிப் புரளி கிளப்புகிறவர்களை இவருக்கு அறவே ஆகாது. இவருடைய துறை ஒன்றே ஒன்று: மக்கள் வாயில் புழங்கும் சொற்களில் அரசாங்கம் கைவைப்பது. தொலைபேசியில் 'அப்புறம்' என்ற சொல்லை மூன்று முறைக்கு மேல் பயன்படுத்துவோர், மேற்கொண்டு பேச விஷயம் இருந்ததற்கான ஆதாரத்தைப் படிவம் 4-இல் சமர்ப்பிக்க வேண்டும். 'சும்மா வந்தேன்' என்று யார் வீட்டுக்கும் இனிப் போகக் கூடாது; வருகையின் நோக்கத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 'பார்க்கலாம்' என்ற சொல் அறவே தடை செய்யப்படுகிறது. கடைசியில் ஒரு குறிப்பு: 'அரசு அலுவலகங்களுக்கு இவ்வாணை பொருந்தாது.' அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் ஊரே அதை நம்பியது.

ஆவணத்தை அனுப்பும் விதத்திலும் ஒரு பக்குவம். பக்கத்தைச் சற்றுக் கோணலாக வைத்துத்தான் படம் பிடிப்பார். ஓரத்தில் டீ டம்ளரின் அரை வட்டம் இருக்கும். "நேரா எடுத்தா எவன் நம்புவான்?"

இந்தக் கலைக்கு வெளிநாட்டிலும் முன்னோர்கள் இருக்கிறார்கள். 1946-இல் அமெரிக்காவின் 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில், ஆங்கில எழுத்துக்கூட்டலை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும் திட்டம் ஒன்று நையாண்டியாக வந்தது. விதியைச் சொன்ன கையோடு அடுத்த வரியிலேயே அதை அமல்படுத்திவிடுவார்கள். முடிவுக்கு வரும்போது வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். பின்னாளில் அதே உத்தி ஐரோப்பிய ஆணையத்தின் பெயரில் மின்னஞ்சலில் உலகம் சுற்றியது. ஆங்கிலம்தான் ஒன்றியத்தின் ஆட்சிமொழி. ஜெர்மனியின் மனம் கோணாமல் இருக்க ஐந்தாண்டுத் திருத்தத் திட்டம். ஐந்தாம் ஆண்டில் எல்லோரும் ஜெர்மன்காரர் பேசுவதுபோல ஆங்கிலம் எழுதுவார்கள். வாழைப்பழத்தில் இயல்புக்கு மாறான வளைவு கூடாது என்று 1994-இல் நிஜமாகவே விதி எழுதிய ஆணையம் அது. இதையும் செய்யாது என்று யார் சொல்ல முடியும்?

நம்மவர் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதுதான் இவருடைய தலைசிறந்த படைப்பு: 'முதலாம் ஆண்டில் ழகரம் நீக்கப்படும், தமிள் படிக்கும் குளந்தைகளின் சுமை குறையும். இரண்டாம் ஆண்டில் றகரம் விடைபெறும்; அதர்கான படிவத்தை வட்டாட்சியரிடம் பெரலாம். மூன்ராம் ஆண்டில் ணகரம் ஓய்வு பெரும்; பனிக்கொடை உன்டு. நான்காம் ஆன்டில் ளகரமும் போனபின் பல்லிப் பில்லைகல் எல்லோரும் பிலை இன்ரி எலுதுவார்கல்.'

குழுவில் இருந்த தமிழாசிரியர் ஒருவர் கொதித்துப்போய், ஆர்ப்பாட்டத்துக்குத் தேதி குறிக்கச் சொன்னார். பாதிப் பேர் எதையும் கவனிக்கவில்லை. அவர்கள் எப்போதோ நான்காம் ஆண்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

நம்பியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பெரியார் பல காலம் தம் இதழ்களில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகவே போட்டது. ணை, லை, ளை, னை எழுத்துகளின் தும்பிக்கை போயிற்று. யானைக்கே தும்பிக்கை போன மாநிலத்தில் ழகரம் போகாதா?

ஆனால் நிஜமான அரசாங்கம் இவரோடு போட்டிக்கு வரும் என்று இவர் எதிர்பார்க்கவில்லை. 2020 ஜூனில், 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று தமிழக அரசின் ஆணை வெளியானது. 10 எழுத்தில் முடிந்துகொண்டிருந்த கோயம்புத்தூருக்கு 14 எழுத்து ஆனது. வேலூரின் புதிய கூட்டலைப் படித்தால் வீலூர் என்று வந்தது. குழுவில் பாராட்டு மழை. "அண்ணே, இந்தத் தடவை உச்சம்ணே!" தாம் இல்லை என்று இவர் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். "அதெல்லாம் தெரியும்ணே" என்று கண்ணடிக்கும் பொம்மைகளாக வந்து விழுந்தன. ஒரு வாரத்தில் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. மாட்டிக்கொண்டதும் இவர் பின்வாங்கிவிட்டதாகக் குழு முடிவுகட்டியது.

2022 ஜூலையில் மக்களவைச் செயலகத்தின் தொகுப்பு வந்தது. அவைக்கு ஒவ்வாத சொற்களில் 'முதலைக் கண்ணீர்' இருந்தது, கழுதையும் இருந்தது. எந்தச் சொல்லுக்கும் தடை இல்லை என்று சபாநாயகரே விளக்கம் சொல்லும்படி ஆயிற்று. அடுத்த மார்ச்சில் தயிர். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், தயிர் உறையில் 'தஹி' என்று அச்சிட்டு, தயிர் என்பதை அடைப்புக்குறிக்குள் போடலாம் என்றது. ஆவின் முடியாது என்றது; முதலமைச்சர் கண்டித்தார்; மார்ச் 30 அன்று ஆணையம் இறங்கி வந்தது. இவருக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அந்தக் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அடைப்புக்குறிக்குள்ள தயிர்! முப்பது வருஷம் கோப்பு பார்த்தேன், எனக்குத் தோணலையே."

தொழில் அதோடு படுத்தது. எதை எழுதினாலும் உண்மைக்கு ஒரு படி குறைவாகவே இருந்தது. இன்னொரு கேடும் சேர்ந்துகொண்டது. மாநகராட்சி அனுப்பிய சொத்துவரிச் சலுகை அறிவிப்பை இவருடைய கைவண்ணம் என்று நினைத்துக் குழுவே சிரித்துவிட்டு விட்டது. கெடு முடிந்ததும் ஆளாளுக்கு அபராதத்தோடு கட்டினார்கள். மறுப்பு அறிக்கை ஒன்று வெளியிட்டுப் பார்த்தார். பழக்க தோஷம், அதற்கும் ந.க.எண் போட்டுவிட்டார்.

இப்போது இவருக்கு வேறு உத்தியோகம். வருகிற ஆணை அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காலையில் திண்ணையில் நாலைந்து பேர் கைபேசியோடு நிற்கிறார்கள். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்ப்பார். ஒரு வாசிப்பிலேயே புரிந்தால் போலி. ஒற்றுப்பிழை இல்லாவிட்டால் போலி. பார்வையில் காட்டிய கடிதம் இன்னொரு கடிதத்தைப் பார்க்கச் சொன்னால் அசல்.

போன வாரம் பக்கத்து அலுவலகத்து இளநிலை உதவியாளரே ஒரு தாளோடு வந்தார். "சார், இது மேலேயிருந்து வந்ததா, உங்ககிட்டேயிருந்து வந்ததா? அதிகாரி கேட்டுட்டு வரச் சொன்னார்."

இவர் இரண்டு முறை படித்தார். "என்னோடதா இருந்தா," என்றார், "பார்வை ரெண்டு விட்டுப்போயிருக்காதே, தம்பி."