தகரத் துண்டும் விசிட் விசாவும்

கண்டிப் பக்கம் வெளிநாட்டு வேலைக்கு வந்தவர்களில் பெயர் பெற்றவர் ஜேம்ஸ் டெய்லர். ஸ்கொட்லாந்துப் பையன், 1852இல் வந்து, 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். ஆளுகிற சாதிக்கு விசா எதற்கு?

கொழுந்து பறிக்க வந்த நம்மவர்களுக்கும் விசா இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். தோட்டத்தின் எண் அதில் இருக்கும். கழுத்தில் கட்டிக்கொண்டால் கைக்காசில்லாமல் தோட்டம் வரை வந்துவிடலாம். வழிச்செலவு பிறகு கடனாகப் பேரேட்டில் ஏறும், அது வேறு கதை. பேங்க் ஸ்டேட்மென்ட் இல்லை, நேர்காணல் இல்லை, அவ்வளவு தாராளம்! 1948இல்தான், நீங்களெல்லாம் எந்த நாடு என்று சட்டம் போட்டுக் கேட்டார்கள்.

இப்போது பேரன் கண்டி டவுனில் ஓர் ஏஜென்சியின் மாடிப்படி ஏறுகிறான். சுவரில் துபாய்க் கோபுரம், பக்கத்தில் பிள்ளையார் கலண்டர். மேசைக்காரர் கல்குலேட்டரைத் தட்டி அவன் பக்கம் திருப்புகிறார்.

"விசிட் விசாவுல போய் இறங்குங்க தம்பி, அங்க மாத்திக்கலாம்."

அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அன்று தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி அப்படியேதான் இருக்கிறார், டை மட்டும் புதிது. ஒரு வித்தியாசம்: பழைய கங்காணி முன்பணம் கொடுத்தார், இவர் வாங்குகிறார்.

தம்பி, காசை நீட்டுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் ஒரு கோல் போட்டு, இவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.