மில் மூடி இலக்கணம்

நெல் மில்லின் மூடிகள் இருவகைப்படும்: நிலைமூடி, வருமூடி. புல்லியையும் பெல்ட்டையும் மறைத்து போல்ட்டில் இறுகி நிற்பது நிலைமூடி. கீலில் திறந்து மூடுவது வருமூடி. வருமூடியையும் மோட்டாரையும் புணர்த்துவதே இன்டர்லொக். மூடி திறந்தால் மின்சாரம் அறும். திரும்ப மூடினாலும், பொத்தானை அமுக்காமல் ஓடாது. ஐ.எஸ்.ஓ. 14119 என்னும் உலக நூல் இதன் சுவிட்சுகளை வகை வகையாக வகுக்கும். நம்மூர்களான சொறிக்கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் அந்நூற்பா போதாது. இங்கே ஆராய வேண்டியது, மூடாமலே மில்லை ஓட வைக்கும் விகாரப் புணர்ச்சி.

அது வழக்கம்போல் மூன்று. சுவிட்சின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு கம்பித்துண்டு முளைப்பது தோன்றல். வருமூடியில் இருந்து சுவிட்சை இயக்கவேண்டிய நாக்கு கழன்று சுவிட்சுக்குள்ளேயே நிரந்தரமாகக் குடியேறுவது திரிதல். மூடியே காணாமற்போய், மூலையில் சாக்கு அடுக்கும் பலகையாவது கெடுதல்.

கெடுதல் வயலிலும் வரும். சூடடிக்கும் மெசினைச் சுழற்றும் ட்ரக்டர் தண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. உடைந்தால் யாரும் மாற்றுவதில்லை. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. சாரன் முனை மாட்டினால் "நிப்பாட்டு" என்று சொல்லி முடிக்க நேரமிராது.

விகாரத்துக்குக் காரணம் தொழிலாளியின் அசட்டை என்பர் உரையாசிரியர். அது பிழையுரை. மில்லில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்:

"நானா, கவரைப் போட்டுட்டு ஓட்டுங்களன்."

"போடலாம் தம்பி. மறுகா லொறிக்காரனுக்கு ஆரு பதில் சொல்ற?"

பெல்ட் வழுக்கும்; பார்க்க ஆறு போல்ட் கழற்ற வேண்டும். கிரீஸ் போட இன்னொரு தடவை. மாரி வேளாண்மை வெட்டி முடிந்த நேரத்தில் அவற்றை ஒவ்வொரு முறையும் யாரும் திரும்ப முறுக்கமாட்டார். இது நம்மூர்க் குணமுமல்ல: ஜெர்மனியில் 2006இல் வந்த ஆய்வொன்று, உலோகவேலை இயந்திரங்களின் பாதுகாப்புச் சாதனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஏய்க்கப்பட்டிருக்கக் கண்டது. கழற்றாமல் வேலை நடக்காத மூடி, செய்தவன் விட்ட பிழை.

நம் நாட்டின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விகாரங்களை ஏற்பதில்லை. ஓடும் பாகத்துக்கு வேலி இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே முதலாளிமாரே, தகட்டுக்குப் பதில் கம்பிவலை அடியுங்கள், பெல்ட் வெளியிலிருந்தே தெரியும். கிரீஸ் வாயைக் குழாய் வைத்து வெளியே இழுங்கள். அடுத்த வெட்டுக்கு முன் வெல்டரைக் கூப்பிடுங்கள்.