ஜெனீவாவுக்குப் போற மாப்ளைக்கு

வாரும் மாப்ளே, உக்காரும். செப்டம்பர்ல ஜெனீவாவுக்குப் போறீராமே. உம்ம வீட்டுக்காரி அந்தப் பட்டியலைக் கொண்டாந்து காட்டினா. கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாப் போட்டு, கட்டத்துக்கு ஒரு கலர் அடிச்சு, ஒரே வாரத்துக்குள்ள ஜெனீவா, சூரிக், லூசர்ன், யுங்ஃப்ராவ், செர்மாட் அத்தனையும் அடைச்சு வச்சிருக்கீரு. ஒண்ணுக்குப் போகத்தான் கட்டத்தைக் காணோம்.

பட்டியல் அருமை. ஒரே ஒரு கொறை. அதுல ஒண்ணைத் தவிர ஒரு கட்டம்கூட ஓசியில இல்ல. காசு கொடுத்தாத்தான் பாத்த கணக்குன்னு உமக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்க. நான் மக வீட்டுல அந்த ஊர்ல கொஞ்ச காலம் சும்மா உக்காந்திருந்தவன். அங்க நல்லது பூராவும் ஓசிதான், மத்ததுக்குத்தான் விலை. கேட்டா கேளும், கேக்காட்டி போம். உம்ம காசு.

மொதல்ல விசா. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாலேயே மனு கொடுக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். நீரு உம்ம கல்யாணப் பத்திரிகையையே முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் கொண்டாந்து கொடுத்தவரு, அதனால சொல்லுதேன். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்கு, அப்புறம் பத்து விரல் ரேகையும் வைக்கணும். தாத்தா சொத்தைப் பிரிச்சப்பகூட நாம கட்டை விரலோட நிறுத்திக்கிட்டோம். ஷெங்கன் விசான்னதும் சுவிஸ்காரன் ஐரோப்பிய ஒன்றியத்துல சேந்துட்டான்னு நினைக்காதேயும். 2008-ல எல்லைக் கதவைத்தான் திறந்துவிட்டான், கல்லாப்பெட்டியை இல்ல. அங்க இன்னும் பிராங்க்தான்.

பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிப் போயாச்சு. ஒரு காப்பி நாலஞ்சு பிராங்க். நீரு அதை ரூபாயாக்கி, நம்ம முக்குக் கடைக் காப்பியால வகுத்து, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவீரு. காப்பீடு அதுக்குத்தான் போலிருக்கு. ஆனா ஒரு விஷயம் கேளும். அந்தக் காப்பியைக் கொண்டாந்து வைக்கிற பிள்ளைக்கு மணிக்கு 23 பிராங்குக்குக் கொறையாமக் கூலி கொடுக்கணும்னு ஜெனீவா ஜனம் 2020-ல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிச்சு. இப்ப அது இன்னும் ஏறியிருக்கு. ஓட்டுக்குக் காசு வாங்கத் தெரியாத ஜனம் மாப்ளே, ஓட்டைப் போட்டுக் கூலியை வாங்குது.

தண்ணி பாட்டில் மட்டும் வாங்கிராதேயும். தெருவுல அங்கங்க தொட்டி கட்டி, குழாயில தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். குடிக்காதேன்னு எழுதிப்போட்டிருந்தாத் தவிர, குனிஞ்சு குடியும். கௌரவம் பாத்தீருன்னா பாட்டிலுக்கு அழும். ஓட்டல்ல ரூம் போட்டாலே, தங்குற நாள் பூராவுக்கும் பஸ், டிராம், ஏரியைக் குறுக்க கடக்குற சின்ன மஞ்சப் படகு வரைக்கும் ஓசிச் சீட்டு தருவான். நீரு போட்டிருக்கிற டாக்சிக் கட்டத்தை மொதல்ல அழியும்.

அப்புறம் அந்தப் பனிச் சட்டை. தடி தடியா ரெண்டு வாங்கி வச்சிருக்கீராமே. சினிமாப் பாட்டுல கதாநாயகி மெல்லிசுச் சேலையோட பனியில ஆடுறதைப் பாத்துட்டுச் சட்டை வாங்குற ஆளை இப்பத்தான் பாக்கேன். கோடை முடியுற நேரம் ஜெனீவாவுல பகல் 20, 25 டிகிரி கிடக்கும். வெயில் கொஞ்சம் முறுக்கினா ராத்திரி ரூம் புழுங்கும். அங்க நெனச்ச வீட்டுல ஏ.சி. மாட்ட முடியாது. ஏன் வேணும்னு காரணம் காட்டி அனுமதி வாங்கணும். பனி பாக்கணும்னா மானம் தெளிஞ்ச நாள்ல ஏரிக்கரையில நின்னு தென்கிழக்குப் பக்கமாப் பாரும். மோன் பிளான் தெரியும், 4,800 மீட்டருக்கு மேல. அது பிரான்சுக்காரனும் இத்தாலிக்காரனும் பங்கு கேக்குற மலை. சுவிஸ்ல நின்னுக்கிட்டு அடுத்தவன் பனியை ஓசியில பாக்கலாம்.

துண்டு எடுத்துவச்சீரா? அதைக் கேக்க மறந்துட்டேன் பாத்தீரா. பேன் டே பாக்கின்னு ஏரிக்குள்ள நீளமா ஒரு துறை கட்டி வச்சிருக்கான், 1932-ல கட்டினது. சின்னக் கட்டணம்தான், அதைக் கொடுக்கலாம். பேங்குக்காரனும் பெயிண்டு அடிக்கிறவனும் ஐ.நா. அதிகாரியும் அங்க அரை நிஜாரோட ஒரே பலகையில காஞ்சுக்கிட்டுக் கிடப்பாங்க. எவன் பெரிய ஆளுன்னு கண்டுபிடிக்க முடியாது. நம்ம ஊர்ல குளத்துக்கே ரெண்டு துறை இருந்ததை நினைச்சுக்கிட்டே நான் இறங்கினேன். தண்ணி 20 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும், இறங்குறப்ப உசிர் ஒரு தரம் மேல ஏறி எறங்கும். நீரு ஜீன்ஸோட கரையில நின்னு போட்டோ எடுக்கப் போறீரு, எனக்குத் தெரியும்.

கோடைன்னு முழுசா நம்பியும் போயிராதேயும். 1815-ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்ச வெடியில, அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரல. அந்த 1816-ல கொலோன்யியில, ஜெனீவா ஏரிக்கரை மேட்டுலதான், பைரன் எடுத்திருந்த வீட்டுல மழையில மாட்டிக்கிட்ட கூட்டம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்னு பந்தயம் கட்டிச்சு. 18 வயசுப் பொண்ணு மேரி ஷெல்லி எழுத ஆரம்பிச்சது ஃபிராங்கன்ஸ்டைன். உம்மளை அப்படி மழையில அடைச்சா என்ன செய்வீருன்னு தெரியும். வைஃபை இல்லைன்னு ஓட்டல்காரனுக்கு ஒரு ஸ்டார் கொடுப்பீரு. ஒரு குடையை வையும்.

அந்த ஊர் நீரூற்றை எல்லாரும் அலங்காரம்னு நினைச்சுக்கிட்டுப் படம் எடுக்கான். அது அலங்காரத்துக்குப் பிறந்ததே இல்ல. 1886-ல ரோன் ஆத்து ஓரத்துல தண்ணி அழுத்தத்துல எந்திரம் ஓட்டுற நிலையம் இருந்துச்சு. சாயங்காலம் பட்டறைக்காரன் எந்திரத்தை நிறுத்தினதும் குழாயில அழுத்தம் ஏறிரும். வெடிக்காம இருக்கத் திறந்துவிட்ட வழிதான் அது. பாக்க நல்லா இருக்குன்னு 1891-ல ஏரிக்குக் கொண்டாந்துட்டான். இப்ப நொடிக்கு 500 லிட்டர், 140 மீட்டர் உசரம். எந்த நேரம் பாத்தாலும் 7 டன் தண்ணி அந்தரத்துல நிக்கும். சொட்டுநீர் மானியத்துக்கு நாலு ஆபீஸ் ஏறி எறங்கினவன் நான். அதைப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுச்சா குளுந்துச்சான்னு இன்னைக்கு வரை புரியல. காத்து பலமா அடிச்சா நிப்பாட்டிருவான், அதனால உம்ம கட்டத்துல எழுதியிருக்கிற ‘காலை 10.15, நீரூற்று’ங்கிறதை அது படிச்சிருக்கும்னு நம்பாதேயும்.

கடிகாரம் வாங்குறதா ஒரு கட்டம். சரிதான். அந்தக் கதையாவது தெரிஞ்சுக்கிட்டு வாங்கும். கால்வின்னு ஒரு சாமியார், 1541-ல திரும்பி வந்து ஜெனீவாவைத் திருத்துறேன்னு உக்காந்தார். நகை போடாதே, மினுக்காதேன்னு உத்தரவு. பொற்கொல்லன் என்ன செய்வான்? காலம் காட்டுறது பாவம் இல்லையேன்னு கடிகாரத்துப் பக்கம் கையைத் திருப்பினான். 1601-ல அவங்களுக்குன்னு சங்கமே வந்தாச்சு. நகை கூடாதுன்னவர் ஊர்ல இன்னைக்கு ஒரு கடிகாரத்தோட விலைக்கு நம்ம தெருவையே கிரயம் பண்ணலாம்.

சரி, அதை எந்த நாள்ல வாங்கப் போறீரு? செப்டம்பர் மொத ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த வியாழன். ‘ஷாப்பிங்’னு ரோஸ் கலர். நல்ல நாள் பாத்தீரு மாப்ளே! அன்னைக்கு ஜெனீவா மாநிலத்துக்கு மட்டும் விரத நாள், ஜூன் ஜெனெவ்வான்னு பேரு. கடை அடைப்பு. விரதம்னா பட்டினின்னு பயப்படாதேயும், வீட்டுக்கு வீடு பிளம் பழம் வச்ச வட்டப் பணியாரம் ஒண்ணு சுட்டு வெட்டுவாங்க. ஏகாதசிக்கு உங்க அத்தை பலகாரம் பண்ணுற மாதிரியேதான். நம்ம சாதி ஜனம்தான்னு அன்னைக்கு எனக்கு விளங்கிருச்சு. முந்தின நாளே பேக்கரியில ஒரு துண்டு வாங்கி வச்சுக்கிடும். ஞாயித்துக்கிழமையும் கடை இருக்காது, ரயில் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும்தான் ஓடணும்.

கடை இல்லாத அந்த நாள்ல பழைய ஊருக்கு ஏறி, திரேய்ங்கிற மேட்டுல உக்காரும். 1767-ல போட்ட மரப்பெஞ்சு, 120 மீட்டர் நீளத்துக்குப் பச்சைப் பெயிண்டு. பக்கத்துல ஒரு மரம், அது வசந்தத்துல மொத இலை விட்டதைப் பாத்துக் குறிச்சுவைக்க அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருத்தர். 1818-லருந்து குறிச்சு வச்சிருக்காங்க. இந்த வேலைக்கு நம்ம ஊர்ல என்ன பரீட்சைன்னு விசாரிச்சுச் சொல்லும், உம்ம தம்பி சும்மாத்தான இருக்கான்.

ஐ.நா. மாளிகை இருக்கிற அரியானா தோட்டத்துல மயில் மேயும். ரெவில்லியோன்னு ஒருத்தர் 1890-ல சாகுறப்ப அந்த நிலத்தை நகரத்துக்கு எழுதி வச்சாரு. மயில் இங்க இஷ்டத்துக்குத் திரியணும்னு கண்டிஷன். உலக சமாதானம் பேசுற இடத்துல முருகன் வாகனம் கத்திக்கிட்டுத் திரியுது. உள்ள போகப் பாஸ்போர்ட்டு வேணும், முன்கூட்டியே பதியணும்.

அந்த வாசலுக்கு எதுத்தாப்புல ஒரு கால் முறிஞ்ச மரநாற்காலி, 12 மீட்டர் உசரம், 1997-ல கண்ணிவெடிக்கு எதிரா வச்சது. செப்டம்பர்ல மனித உரிமைப் பேரவை கூடுறப்ப அதுக்கு அடியில நம்ம ஈழத்து ஜனம் காணாமப் போன பிள்ளைங்க படத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அங்க விளையாட்டு வேண்டாம். செல்ஃபி எடுக்காதேயும். பக்கத்துல போயி நின்னு, அவங்க சொன்னாக் கேட்டுட்டு வாரும்.

பிரெஞ்சு தெரியாதேன்னு உம்ம வீட்டுக்காரி கவலைப்பட்டா. அவளுக்குச் சொல்லும், 1983-க்குப் பிறகு சுவிஸ்ல போய் ஒதுங்கின ஈழத் தமிழர் எத்தனையோ பேர் ஓட்டல் சமையல்கட்டுலதான் வாழ்க்கையைத் தொடங்கினாங்க. மேசைக்கு வர்றது பிரெஞ்சுப் பேரா இருக்கும், உள்ள தாளிச்ச கை யாழ்ப்பாணமா இருக்கலாம். ஏரி மீனுன்னு பெர்ச் மீனை வறுத்துக் கொண்டாந்து வைப்பான். எங்க பிடிச்சதுன்னு கேளும். பெரும்பாலும் வேற நாட்டுலருந்து வந்த மீன்தான். ஏரியைப் பாத்துக்கிட்டே தின்னா ஏரி மீனு.

காசு செலவழிச்சே தீரணும்னு கை அரிச்சுதுன்னா நீராவிக் கப்பல் ஏறும். ஓட்டல் சீட்டு இதுக்குச் செல்லாது, கொடுக்கலாம் தப்பில்ல. ‘சவ்வா’ 1914-ல வந்த கப்பல், ‘சிம்ப்லோன்’ 1920. டீசலுக்கு மாத்தின கப்பலும் அந்தக் கப்பல் கம்பெனியில உண்டு, அதனால அட்டவணையில நீராவி எதுன்னு பாத்து ஏறும். மேல்தட்டுல நின்னு மலையைப் பாக்காதேயும், மலை எங்கேயும் போகாது. நடுவுல எறங்கி எந்திரத்தைப் பாரும். எண்ணெய் பூசின தண்டு உம்ம இடுப்புத் தண்டி இருக்கும், சத்தமே இல்லாம மடங்கி நிமிரும். பம்புசெட்டைக் கட்டிக்கிட்டு முப்போகம் அழுதவன் நான், அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவனை மகதான் வந்து இழுத்துக்கிட்டுப் போனா.

இன்னொரு எடம், ஜோங்ஸியோன். டிராம்லேயே போகலாம். ஏரியை விட்டு வந்த ரோன் நீலமா, தெளிஞ்சு வரும். மோன் பிளான் பனிக்கட்டி கரைஞ்ச ஆர்வ் சாம்பல் கலர்ல கலங்கி வந்து பக்கத்துல விழும். ரெண்டும் சேராம கொஞ்ச தூரம் தனித்தனியா ஓடும். மேல ரயில் பாலத்துலருந்து கோடு போட்ட மாதிரி தெரியும்னு எல்லாரும் சொல்வான், நீரு அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச வீட்டுல வளந்தவரு, உமக்குச் சட்டுனு புரியும். ரோன்ல ஊர்க்காரன் மிதந்து வருவான். நீரு மிதக்க வேண்டாம், இழுப்பு ஜாஸ்தி.

அப்ப சூரிக், செர்மாட் என்னாவுறதுங்கீரா? பார்க்காம விட்டதுக்கு அபராதம் எதுவும் போடமாட்டான், நான் விசாரிச்சுட்டேன்.

எனக்கு ஒண்ணும் வாங்காதேயும். அந்தச் சிவப்புப் பேனாக்கத்தி ஒண்ணே ஒண்ணு, நாலஞ்சு அலகு இருக்கிறதாப் பாத்து. கைப்பையில வச்சீருன்னா விமான நிலையத்துல பிடுங்கிக்கிடுவான், பெரிய பெட்டியில போடும். அத்தைக்குச் சாக்லேட்டு ரெண்டு கிலோ. அவளுக்குச் சக்கரை இருக்கு, தெரியுமில்ல? அதனால அதை நேரா என் கையில கொடுத்துரும்.