திருவனந்தபுரத்துச் சிறுதோட்டங்களில் குறு டாஃபடில்: ஒரு முன்னாய்வுக்கு முன்னுரை

இப்பொருளைத் தமிழில் இதுவரை எவரும் ஆராயவில்லை. ஆராய ஒன்றுமில்லை என்பது ஒரு தடையாகாது. பல முனைவர் பட்டங்கள் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் வரையறை. விரித்து அளந்தால் 50 மில்லிமீட்டருக்கு மிகாத பூவே குறு டாஃபடில். 51 என்றால் அது வேறு துறை. சிறுதோட்டம் என்பது மூன்று சென்ட் மனையில் வீடு, கிணறு, தென்னை, ஸ்கூட்டர் போக எஞ்சுவது.

வகைப்பாடு. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைக் கழகம் டாஃபடில்களை 13 பிரிவுகளாக வகுத்திருக்கிறது. நடுக்குழல் இதழின் நீளத்தை எட்டினால் முதல் பிரிவு, எட்டாமல், ஆனால் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால் இரண்டாவது, தாண்டாவிட்டால் மூன்றாவது. இப்படியே போய், பன்னிரண்டாவது எதிலும் அடங்காதவை. அதற்குப் பிறகும் ஒரு பிரிவு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பதின்மூன்றும் ஒன்றே: பூக்காதவை.

இலக்கியச் சான்று. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இப்பூக்களைக் கண்டு நாட்குறிப்பில் எழுதியவர் டோரத்தி வேர்ட்ஸ்வொர்த். உடன் நடந்த அண்ணன் வில்லியம் கவிதையாக்கி 1807இல் அச்சேற்றினார். தரவு தங்கையுடையது, பெயர் அண்ணனுக்கு. ஆய்வு நெறியாளர்களுக்கு இம்முறை பரிச்சயமானதே.

வட்டாரச் சான்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிகஸ்’ நூலில் டாஃபடில் இல்லை. இருந்தாலும் தொகுதி எண்ணிக்கையைச் சொல்லிவிட்டேன். அடிக்குறிப்புக்கு அது போதும்.

இனி மையச் சிக்கல்: ஃப்ரிட்ஜ். டாஃபடில் கிழங்கு பூக்க வேண்டுமானால் 12 முதல் 16 வாரம் வரை ஒன்பது டிகிரியை ஒட்டிய குளிரில் கிடக்க வேண்டும். இந்நகரில் டிசம்பர் இரவுக்கே மின்விசிறி வேண்டும். ஆகவே குளிர்காலம் காய்கறித் தட்டில்தான் நிகழ முடியும். இங்கே இரு பள்ளிகள் மோதுகின்றன. பழுக்கும் ஆப்பிளும் வாழைப்பழமும் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும், ஆதலால் பழங்கள் வெளியேற வேண்டும் என்பது தோட்டப் பள்ளி. வெளியேற வேண்டியது எது என்பதில் சமையலறைப் பள்ளிக்கு வேறு கருத்து உண்டு (கதவைத் திறந்து பிடித்தபடி ஆற்றிய உரை, பாடபேதம்: “இதத் தூக்கித் தூரப் போடுங்க”). வெங்காயம் போலவே இருக்கும் இக்கிழங்கில் லைகோரின் என்னும் நஞ்சு உண்டு, சாம்பாரில் விழுந்தால் வீடே வாந்தியெடுக்கும் என்று நான் விளக்கியது என் தரப்புக்கு வலுச்சேர்க்கவில்லை (மேலது, அதே உரை, குரல் உயர்த்தப்பட்ட பகுதி, அம்மாவின் விரிவுரையுடன். உரையாசிரியர் மரபுப்படி மூலத்தில் இல்லாத என் பழைய குற்றங்களும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன).

இத்தனை சர்ச்சைக்கும் இடையே ஆய்வாளர் கண்ணில் படாத ஒன்று மதிலோரம் நிற்கிறது: மழை லில்லி. டாஃபடிலின் குடும்பமே, அமரில்லிடேசியே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இப்பேரினத்துக்கு வில்லியம் ஹெர்பர்ட் 1821இல் பெயரிட்டார். கேரளத்தில் பருவமழை தொடங்கும் நாள் ஜூன் 1 என்பது வானிலைத் துறைக் கணக்கு. நல்ல மழை பெய்த சில நாட்களில் இது பூக்கும். ஓரிரு நாளில் வாடும். இளஞ்சிவப்பு வகை விரிந்தால் பெரும்பாலும் 50 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஸ்கேலோடு குனிந்திருந்தபோது நானே கண்டேன். அன்று விதியைத் தளர்த்தினேன்.

எனவே 14ஆம் பிரிவொன்றை முன்மொழிகிறேன்: ஃப்ரிட்ஜுக்குள் போகாதவை. மறுப்பு ஏற்கெனவே வந்துவிட்டது: “இது புல்லல்லே, சாரே?” (பக்கத்து வீட்டுச் சேட்டன், வாய்மொழி, மதில்மேல் கையூன்றி, மழைக்கு முந்தைய முதற்பதிப்பு, மழைக்குப் பிந்தைய திருத்திய பதிப்பில் இரண்டு கிழங்கு கேட்டிருக்கிறார்).