வாயுவா, மாரடைப்பா?

கேள்வி: நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு வாயுவா, மாரடைப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, டாக்டர்?
– மருத்துவ மாணவர், பாலக்காடு

பதில்: முகம் பார்த்து ஜோசியம் சொல்ல வேண்டாம். வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுங்கள். அது சரியாக இருந்தும் வலி நீடித்தால் மறுபடி எடுங்கள், ட்ரோபோனின் பாருங்கள். எஸ்டி உயர்ந்திருந்தால் ட்ரோபோனின் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். சந்தேகம் வலுத்தால், ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கக் கொடுங்கள். சோடாவைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: வலியே இல்லை என்கிறாரே சர்க்கரை நோயாளி?
– பயிற்சி மருத்துவர், வண்டிப்பெரியாறு

பதில்: இதயம் நெஞ்சில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. சர்க்கரை நோயாளி, முதியவர், பெண்கள் விஷயத்தில் மூச்சுத்திணறல், வியர்வை, மேல்வயிற்று எரிச்சல் எல்லாமே புகார் மனுதான்.

கேள்வி: மூணாறில் எஸ்டி உயர்ந்த மாரடைப்பு. உடனே கொச்சிக்கு ஓடுவதா?
– இறுதியாண்டு மாணவர், இடுக்கி

பதில்: 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க முடியுமென்றால் ஓடலாம். ஆனால் கொச்சி சுமார் 130 கி.மீ., பாதி மலைப்பாதை. நடுவில் மூணாறின் காட்டு யானை ‘படையப்பா’ நின்றால் ஆம்புலன்ஸ் சைரனுக்கும் மரியாதையில்லை. தடையேதும் இல்லையென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, உடனே அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம். பக்கத்துத் தமிழ்நாட்டில் இப்படிச் சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து 2012–14ல் 2,420 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. ஓராண்டு இறப்பு 17.6லிருந்து 14.2 சதவீதமானது. கூட்டணி இங்கே உயிரையே காப்பாற்றுகிறது. அரசியலில்தான் ஆட்சியை மட்டும்!