கண்ணி மிகுதி: தொடக்கநிலைப் பின்னலாளர் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஸ்வெட்டர் பின்னும் பேராசையோடு ஊசி ஏந்தியவர்க்கு முதலில் விதிக்கப்படுவது மப்ளர். 20 கண்ணி ஏற்றி, வரிசைதோறும் நிட் கண்ணியே பின்னிக்கொண்டு போகவேண்டும், வேறு வேலையில்லை. ஆயினும் ஒரு சாண் வளர்வதற்குள் 20 கண்ணி 27 ஆகிறது. மப்ளர் முறம்போல் விரிகிறது. மிகுந்த ஏழும் வந்த வழியே ஈண்டு ஆராயப்படுகிறது.

கம்பளி இழுபடும் பொருளாதலின் தானே அகன்றது என்பர் ஒருசாரார். இவர்கள் பெரும்பாலும் சாய்வு நாற்காலியினர், ஊசி தொட்டறியாதவர். அது பொருந்தாது. என்னை? இழுபட்டால் கண்ணி பெரிதாகுமேயன்றி எண்ணிக்கையில் ஏறாது. நூல் தரமில்லை என்று கடைக்காரர் மேல் பழி போடும் வாதமும் இதனால் விழுந்தது.

எமது துணிபு: குற்றம் ஓரத்தில் நிகழ்கிறது. வரிசை முடிந்து ஊசியைக் கைமாற்றியதும், நூலை ஊசிக்கு மேலாகப் பின்னே இழுத்தால், முதல் கண்ணி தன் இரு காலும் மேலேறி இரண்டு கண்ணிபோல் நிற்கும். கற்போர் இரண்டையும் பின்னிவிடுவர். நூலை ஊசிக்கு அடியில் பின்னே கொண்டுபோனால் இம்மயக்கம் இல்லை. நூல் இழை பிரிந்து ஒன்று இரண்டாவதும் உண்டு, அது சிறுபான்மை.

ஓரமே இல்லாத பின்னல் உளதோ எனின், உளது. 1400ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் புக்ஸ்டஹூடே ஊர்ப் பலிபீடத்துக்குத் தீட்டிய ஓவியத்தில் மரியாள் குழந்தையின் சட்டையை நான்கு ஊசியில் வட்டமாகப் பின்னுகிறாள். திருப்பூர் பனியன் துணி இறங்கும் வட்ட மெஷினும் அவ்வாறே. அன்றியும், 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ செய்த காலுறை எந்திரம் தொட்டு, கண்ணிக்கு ஒரு ஊசி என்பது எந்திர மரபு. ஊசி முறிந்தால் துணி நெடுகக் கோடு விழுமே தவிரக் கண்ணி கூடாது. கைக்குத்தான் இந்தத் தாராளம்.

இனி, கண்ணி நழுவுதலும் உண்டு. நழுவியது வரிசை வரிசையாக ஏணிபோட்டு இறங்கும். கூடியதும் நழுவியதும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, எண்ணும்போது சரியாக 20 வருவதும், அதைத் தேர்ச்சி எனக் கொள்வாரும் உளர். எண்ணிக்கையோ எளிதன்று, பதினான்கில் இருக்கும்போதுதான் "சாயங்காலம் என்ன டிபன்?" என்று கேட்பார்கள். வேற்றுநிற நூலில் வளையம் முடிந்து ஐந்து கண்ணிக்கு ஒன்றாக ஊசியில் கோத்தல் இதற்கு மருந்து.

கட்டுரை அச்சேறும் தறுவாயில் எழுந்த தடை ஒன்று. நூலை ஊசிமேல் வேண்டுமென்றே சுற்றிக் கண்ணி கூட்டி, முக்கோணச் சால்வை பின்னுவோர் இருக்கிறார்கள், விலைக்கும் விற்கிறார்கள். ஆகவே முறமாய் விரிந்த மப்ளரைச் சால்வை எனப் பெயர் மாற்றி நாத்தனாருக்குக் கொடுத்துவிடுதல் ஆய்வு நெறிக்கு முரணாகாது.