டீசல் டேங்கின் முப்பாழ்: வீட்டு வாசல் ஆய்வு ஒன்று

நூல் எழுதப் புகுவோன் முதலில் பாயிரம் சொல்ல வேண்டும்; பாயிரத்தில் எல்லை சொல்ல வேண்டும். இந்த ஆய்வின் எல்லை வருமாறு: மேலே லோடு பாடியின் அடித்தகடு, கீழே வீட்டு வாசலின் கான்கிரீட் தரை, இடப்புறம் சேஸ் சட்டம், வலப்புறம் புரொப்பெல்லர் ஷாஃப்ட். இந்த நான்கு எல்லைக்குள் தொங்கிக் கிடக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியே நம் ஆய்வுப் பொருள். நிலம், அமெரிக்க ஐக்கிய நாடுகள். காலம், 1999 முதல் 2003 வரை வெளிவந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்அப்களின் காலம். அதாவது, நேவிஸ்டார் செய்து கொடுத்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜின் அவற்றில் உறுமிக்கொண்டிருந்த காலம். கேட்போர், சனிக்கிழமை காலையில் வேலை இல்லாதோரும், வேலை இருந்தும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டோரும். பயன் என்ன என்று பாயிரத்திலேயே சொல்வது மரபு. இங்கே அதைச் சற்றுத் தள்ளிவைப்பதே பாதுகாப்பு.

இத்துறையில் முன்னோர் நூல் உண்டா என்று தேடினால் இன்ஜினைப் பற்றித்தான் கிடைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இன்ஜினை ஓட வைத்தார். 1913 செப்டம்பர் 29 இரவு இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் இருந்து காணாமற் போனார். இன்ஜினுக்கு அவர் பெயர், எண்ணெய்க்கும் அவர் பெயர். அந்த எண்ணெயைச் சுமக்கும் டேங்குக்கு மட்டும் யார் பெயரும் இல்லை. நூறாண்டுக் கால இந்தப் புறக்கணிப்பை அமெரிக்க வீட்டு வாசல்களில் சிலர் சரிசெய்தார்கள். டேங்கின் மேற்பகுதியில் செய்யும் ஒரு வேலைக்கு ‘ஹார்பூன் மாற்றம்’ என்றும், அடிப்பகுதியில் செய்யும் ஒரு வேலைக்கு ‘ஹட்ச் மாற்றம்’ என்றும் அந்த வண்டிக்காரர்களிடையே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டையும் ஒரே தத்துவத்தின் இரு முகமாகக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் துணிபு.

தத்துவம் இதுதான். ஒரு டேங்குக்குக் கொள்ளளவு ஒன்றல்ல, மூன்று. முதலாவது, கம்பெனிப் புத்தகத்தில் அச்சிட்டது: குட்டை பாடி வண்டிக்கு 29 காலன், நீள பாடிக்கு 38. நம் கணக்கில் 110 லிட்டரும் 144 லிட்டரும். இரண்டாவது, பங்க்கில் உண்மையாகவே உள்ளே போவது. மூன்றாவது, உள்ளே போனதில் இன்ஜின் வாய்க்கு எட்டுவது. ஒன்றைவிட அடுத்தது குறைவு. முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையிலுள்ள வெளியை மேற்பாழ் என்போம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ளது அடிப்பாழ். சித்தர் மரபில் பாழ் மூன்று. மூன்றாவது பாழ் டேஷ்போர்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

மேற்பாழை அறிய, பங்க்கில் நாசிலைக் கையில் எடுத்து அதன் மூக்கு நுனியை உற்றுப் பார்க்க வேண்டும். டீசல் கொட்டும் பெரிய வாய்க்குப் பக்கத்தில், பட்டாணியைவிடச் சிறிதாக ஒரு துளை இருக்கும். பெரும்பாலோர் இதைப் பார்த்ததே இல்லை. டீசல் பாயும்போது உள்ளே ஓர் இழுவை உண்டாகிறது. இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சூரி 1797இல் எழுதி வைத்த விளைவு அது. அந்த இழுவை சிறு துளை வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். துளையை டீசல் மூடிவிட்டால் காற்று கிடைக்காது, இழுவை உள்ளே இருக்கும் சவ்வைப் பிடித்து இழுக்கும், கொக்கி விடுபடும், ‘டக்’கென்று ஆட்டோ கட். இதில் மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. மூளை இருப்பதாகத் தோன்றுவது நம் மயக்கம்.

ஆகவே நாசில் சொல்வது “டேங்க் நிரம்பிவிட்டது” என்பதல்ல. “என் மூக்கு நனைந்துவிட்டது” என்பதே. மூக்கை நனைக்க டீசல்தான் வேண்டும் என்பதில்லை, நுரை போதும். டீசலோ உயரத்திலிருந்து ஆற்றிய டிகிரி காப்பி போல நுரைக்கும் சாதி. லாரிகளுக்கென்று இருக்கும் அதிவேகப் பம்பில் பிக்அப்பை நிறுத்திவிட்டால் கழுத்து முழுக்க நுரை ஏறி, பாதி டேங்க்கிலேயே டக், டக் என்று வெட்டும். பின்னால் நிற்கும் பதினெட்டுச் சக்கர லாரிக்காரர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது சமூகவியல் துறையின் பாடு.

நுரை அடங்கியும் கொள்ளாமல் நிற்பதற்குக் காரணம் வேறு. டீசல் உள்ளே வர, உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வேண்டும். அது போகும் குழாயின் வாய் டேங்கின் கூரையோடு ஒட்டி இராமல் கொஞ்சம் கீழே தொங்குகிறது. டீசல் மட்டம் அந்த வாயைத் தொட்டதும் கூரைக்கடியில் உள்ள காற்று சிறைப்பட்டுவிடும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கழுத்தில் ஏறி மூக்கை நனைக்கும். அந்தக் காற்றுப்போக்கியின் வாயை மேலே ஏற்றிவிடுவதுதான் ஹார்பூன் மாற்றம். நாலைந்து காலன் கூடுதலாகப் பிடிக்கிறது என்பது செய்தவர்கள் சொல்லும் கணக்கு.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முதலில் வைத்துப் பிறகே சுபக்கத்துக்கு வருவார். நாமும் மறுப்பவர் தரப்பை முதலில் கேட்போம். அவர்கள் சொல்வது: அந்தப் பாழ் பிழையன்று, வேண்டுமென்றே விட்டது. டீசல் சூட்டில் விரியும். ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.08 சதவீதம். பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் குளிர்ந்திருந்த 144 லிட்டரை நிரப்பி, வண்டியை அரிசோனா வெயிலில் நிறுத்தி, எண்ணெய் 20 டிகிரி சூடேறினால் இரண்டேகால் லிட்டருக்கு மேல் பெருகும். அது எங்கே போகும்? வாசல் தரைக்குத்தான். வணிக வாகனங்களுக்கான அமெரிக்க மத்திய அரசின் 393.67ஆம் விதியும் இதையே வேறு வாயால் சொல்கிறது: 1973 ஜனவரி 1 முதல் செய்த டேங்க் எதுவும், சாதாரணமாக நிரப்பும்போது, கொள்ளளவில் 95 சதவீதத்துக்கு மேல் கொள்ளாதபடி அமைந்திருக்க வேண்டும்.

இனி சுபக்கம். 144இல் ஐந்து சதவீதம் ஏழு லிட்டர். நாலைந்து காலன் என்பதோ பதினைந்து லிட்டருக்கு மேல். அரசாங்கம் கேட்பது ஏழு, விரிவுக்கு வேண்டியது இரண்டேகால், கம்பெனி விட்டது அதற்கும் மேல். மிச்சத்தை எடுத்துக்கொள்ள உரிமையுண்டு என்று வாதிகள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே இந்த ஆய்வாளனுக்குப் படுகிறது. ஆனால் வாயைக் கூரை வரைக்கும் ஏற்றியே தீருவேன் என்பவர், நிரப்பிய கையோடு அறுபது மைலாவது ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தட்டும்.

மேற்பாழ் ஆசையால் வந்தது. அடிப்பாழ் வேதனையால் வந்தது. முள் கால் டேங்க்கில் நிற்கும்; நெடுஞ்சாலையில், ஊர் எல்லை தாண்டியபின், வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்துவிடும். இன்ஜெக்டரைச் சந்தேகிப்பார்கள், பம்பைச் சந்தேகிப்பார்கள், கடைசியாக வண்டியை விற்றவரைச் சந்தேகிப்பார்கள். டேங்க்கில் முப்பது லிட்டருக்கு மேல் டீசல் தளும்பிக்கொண்டிருக்கும்.

உள்ளே நடப்பது இது. டேங்கின் மேல்மூடியிலிருந்து ஓர் உறிஞ்சுகுழாய் அடிவரை இறங்குகிறது. அதன் நுனியில், டேங்கின் தரையில் உட்காரும்படி ஒரு பிளாஸ்டிக் பாதம். பாதத்துக்கு மேலே ஒரு சிறு கலவை அறை. இன்ஜின் குடித்து மிஞ்சிய சூடான டீசல் அந்த அறைக்குத் திரும்பி வந்து, புதிதாக ஏறும் குளிர்ந்த டீசலோடு சேரும். குளிர்காலத்தில் டீசலில் மெழுகு திரண்டு வழியை அடைக்காமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆண்டுகள் போகப் போக, பாதம் விரிசல் விடும் அல்லது கழன்று டேங்கின் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாதம் போன குழாய் தரையைத் தொடாது. கால் டேங்க் மட்டத்திலேயே காற்றைக் குடிக்கத் தொடங்கும். கலவை அறையின் வலையில் தூசி அடைத்தாலும், திரும்பி வரும் டீசலில் உள்ள குமிழிகளை அறை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பினாலும், நோய்க்குறி ஒன்றுதான்.

ஏர் எடுக்கிறது என்று தெரிந்தபின் எங்கே எடுக்கிறது என்பதுதான் கேள்வி. இதில் புதியவரை ஏமாற்றும் ஓர் உண்மை உண்டு. பம்புக்குப் பின்னால் உள்ள குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும்; படுத்துப் பார்த்தாலே தெரியும். பம்புக்கு முன்னால் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் விழாது. காற்றுதான் உள்ளே போகும். வாசல் தரை காய்ந்திருக்கிறது, ஆகவே கசிவு இல்லை என்று முடிவு கட்டுவது தர்க்க நூலார் சொல்லும் ஏதுப்போலிக்கு நல்ல எடுத்துக்காட்டு. சோதனை எளிது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு கேன் டீசலில் தெளிவான பிளாஸ்டிக் டியூப்பை விட்டு அதைப் பம்பில் மாட்ட வேண்டும். இன்ஜின் சீராக ஓடி, டியூப்பில் குமிழி வராவிட்டால், குற்றம் டேங்கினுடையது அல்லது அதிலிருந்து வரும் குழாயினுடையது. ஓட்டம் சீராகாவிட்டால் டேங்க் நிரபராதி; இந்தக் கட்டுரையும் உங்களுக்குப் பயன்படாது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய, காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது: டேங்க் மூடியைத் திறப்பது. காற்றுப்போக்கி அடைத்திருந்தால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் வளரும். பம்பு அந்த வெற்றிடத்தோடு மல்லுக்கட்டும். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்றார்கள் அரிஸ்டாட்டில் வழி வந்தவர்கள். டோரிசெல்லி 1643இல் பாதரசக் குழாயைக் கவிழ்த்து அதைக் கேள்விக்குள்ளாக்கினார். 1657இல் மாக்டபர்க் நகரில் குவெரிக் இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டு, இருபுறமும் குதிரைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார். அவ்வளவு குதிரைகள் தேவையில்லை. மூடியைத் திருகும்போது ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்து, வண்டி அதன்பின் ஒழுங்காக ஓடினால், மூன்று நூற்றாண்டு இயற்பியல் அங்கேயே நிரூபணமாகிவிட்டது.

ஹட்ச் மாற்றம் அடிப்பாழுக்கு அறுவை மருத்துவம். பாதம், கலவை அறை, வலை மூன்றையும் வெட்டி எறிந்துவிட்டு, உறிஞ்சுகுழாயைத் தரைக்குச் சற்று மேலே வரைக்கும் நீட்டுவது. நுனியைச் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் அது தரையில் உதடு வைத்து ஒட்டிக்கொள்ளும். நீட்டுவதற்கு ரப்பர் ஹோஸ் போடுகிறவர்கள், டீசலில் மூழ்கியே கிடப்பதற்கென்று செய்த ஹோஸைத்தான் வாங்க வேண்டும். சாதாரண டீசல் ஹோஸ் உட்புறம்தான் எண்ணெயைத் தாங்கும். வெளிப்புறம் ஊறி உப்பிச் சிதையும். வலை போய்விட்டதால் பம்புக்கு முன்னால் சேஸில் ஒரு ஃபில்டர் மாட்டுவது கட்டாயம். கலவை அறை போனதால் கடுங்குளிர் மாநிலத்தார் குளிர்கால டீசலில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது.

இரண்டு வேலைக்கும் டேங்கின் மேல்மூடியைத் திறக்க வேண்டும். மேல்மூடியோ லோடு பாடிக்கு அடியில். இங்கேதான் உலகம் இரண்டு கலையாகப் பிரிகிறது: டேங்கை இறக்குவோர், பாடியைத் தூக்குவோர். இறக்குவோர் ஜாக்கியை அண்டைகொடுத்துப் பட்டைகளைக் கழற்றுவார்கள். அதற்கு டேங்க் காலியாக இருக்க வேண்டும். 144 லிட்டர் டீசல் நூற்றிருபது கிலோ, அதுவும் ஓரிடத்தில் நில்லாமல் தளும்பும் நூற்றிருபது கிலோ. அமெரிக்காவில் டீசல் கேனுக்கு மஞ்சள் நிறம், ஐந்து காலன் கேன். முழு டேங்க்கைக் காலி செய்ய மஞ்சள் கேன் எட்டு வேண்டும். தூக்குவோர் டேங்கைத் தொடுவதே இல்லை. பாடியின் போல்டுகளையும், பின்விளக்கு ஒயரையும், நிரப்புகழுத்தின் திருகுகளையும் கழற்றி, பாடியை எடுத்துவிடுவார்கள். அவர்களுக்குத் தேவை நாலு நண்பர்கள் அல்லது ஒரு செயின் பிளாக். பனிக்கு உப்புத் தூவும் வடமாநிலங்களில் பாடியின் போல்டு துருப்பிடித்து உடைவதால் இறக்குவோர் அதிகம் என்று தோன்றலாம். பட்டையின் போல்டும் அதே உப்பில் ஊறியதுதான் என்பது எதிர்க்கலையாரின் பதில். வழக்கு தீரவில்லை. நண்பர்கள் உள்ளவர் பாடியைத் தூக்கட்டும் என்பது என் கட்சி.

எந்தக் கலையானாலும் ஒன்று மட்டும் கேலிக்கு அப்பாற்பட்டது. டீசல் 52 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும் ஆவி விடும் என்ற தைரியத்தில், காலி டேங்க் பக்கத்தில் வெல்டிங் தீயைக் கொண்டுபோகக் கூடாது. சூட்டில் அந்த ஆவி நொடியில் உண்டாகும். காலி டேங்க் முழு டேங்க்கைவிட ஆபத்து.

திறந்த டேங்கினுள் கறுப்பு வழுவழுப்பு தெரிந்தால் அது தார் இல்லை, உயிர். நீருக்கும் டீசலுக்கும் இடையிலுள்ள கோட்டில் டீசலையே தின்று வாழும் பூஞ்சை. சிவப்புச் சாயம் தெரிந்தால் அது வேறு வகை உயிராபத்து: வரி கட்டாத விவசாய டீசல். சாலையில் ஓடும் வண்டியில் அது இருந்தால் காலனுக்கு 10 டாலர், குறைந்தது 1,000 டாலர் அபராதம். வரி அதிகாரிகளும் டேங்க் ஆய்வாளர்களே, நம்மைவிட நிதி வசதி உள்ளவர்கள்.

கடைசியாக மூன்றாம் பாழ், அதாவது முள். முள்ளை ஆட்டுவது உள்ளே கையோடு கட்டிய ஒரு மிதவை. அதன் கை ஏறும் உயரம் பழைய டேங்குக்கு அளவெடுத்துச் செய்தது. ஹார்பூன் மாற்றத்தால் மேலே கூடிய டீசலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. உச்சியைத் தொட்டபின் மேலே எவ்வளவு இருந்தாலும் அது நிறைவு என்றே சொல்லும். ஆகவே வேலையெல்லாம் முடித்து, நிரப்பி, ஓட்டிப் போகிறவர் முள் அசையாமல் நிற்பதைக் காண்பார். மிதவை மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து, அன்று மாலையே பாடியின் போல்டுகளை மறுபடி கழற்றுவோர் உண்டு. நாலு காலனுக்கு இந்த வண்டி அறுபது மைல் ஓடும். எழுபதாவது மைலிலும் முள் அசையாவிட்டால் ஸ்பேனரை எடுக்கலாம்.